பத்தாம் வசனம் வரை



என் வேதாகமத்தில் யோபின் புத்தகம் பதினான்காம் அதிகாரத்தின் ஓரத்தில் ஒரு பென்சில் கோடு இருக்கிறது. பத்தாம் வசனத்திற்கு நேராக, நடுங்கும் கையால் சற்றுச் சாய்வாக இழுக்கப்பட்ட கோடு. அது நான் போட்டதன்று. நான் கோடு போட்டது ஏழாம் வசனத்தின் கீழே. சிவப்பு மையில், அளவுகோல் வைத்து, வெகு நேர்த்தியாக. இவ்விரண்டு கோடுகளுக்கும் இடையே மூன்று வசனங்களே உள்ளன. அந்த மூன்று வசனங்களைக் கடந்துவர, ஊழியத்தில் எனக்குப் பத்தொன்பது ஆண்டுகளும் ஒரு புயலும் தேவைப்பட்டன.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நான் ஆலங்குடிக்கும் கீரமங்கலத்திற்கும் இடையே உள்ள ஒரு சிற்றூரில் சபைப் பணியில் இருந்தேன். அந்தப் பக்கத்தை அறிந்தவர்களுக்கு அதன் அழகைச் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் என்றாலே வறண்ட பொட்டலும் தைலமரக் காடும்தான் வெளியூராருக்கு நினைவுக்கு வரும். ஆலங்குடியைத் தாண்டிக் கிழக்கே போனால் காட்சி மாறிவிடும். செம்மண்ணும் ஆழ்துளைக் கிணற்று நீருமாக, தென்னையும் பலாவும் வெற்றிலைக் கொடியும் பூந்தோட்டமும் நிறைந்த நாடு அது. வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாப்பழத்தின் வாசனை சித்திரை, வைகாசியில் பேருந்துக்குள்ளேயே வந்துவிடும்.

கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடக்கும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாகப்பட்டினம் எங்கே, நாங்கள் எங்கே என்ற எண்ணத்தோடு அந்த வியாழக்கிழமை இரவு படுக்கச் சென்றோம். நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் அது கரையேறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்று, கரையோடு ஓய்ந்துவிடாமல் திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் தோப்புகளைக் கவிழ்த்தபடி எங்கள் பக்கம் வந்தது. காற்றின் ஓசையை விட எனக்கு இன்று வரை மறக்காதது மரங்களின் ஓசை. பலாமரம் விழும்போது முதலில் ஒரு முறிவுச் சத்தம், பிறகு கிளைகள் நொறுங்கும் சத்தம். தென்னை அப்படியன்று. ஒரு நீண்ட முனகல், பின் தரை அதிரும் ஒரே அடி. இருட்டில் உட்கார்ந்து அந்த அடிகளை எண்ணத் தொடங்கினேன். நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை.

விடிந்தபோது கீழ்த்திசையில் வானம் மிகப் பெரிதாகத் தெரிந்தது. அதுவரை அந்தத் திசையில் தோப்பு இருந்தது.

சாலைகளை வாலிபர் அரிவாளும் கோடரியும் கொண்டு தாங்களே திறந்தார்கள். மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. எங்கள் ஊருக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. ஆழ்துளைக் கிணற்று ஊர்களில் மின்சாரம் இல்லையென்றால் குடிநீரும் இல்லை. வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோய் மோட்டாரை இயக்கித் தொட்டிகளை நிரப்பினோம். எந்தச் சாதி, எந்த மதம் என்று அந்த வாரத்தில் யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு கேட்கத் தொடங்கினார்கள். அது வேறு கதை.

எங்கள் ஆலயத்தின் தகரக் கூரையில் பாதியைக் காற்று கொண்டுபோயிருந்தது. ஞாயிறு ஆராதனையை முற்றத்தில், வேப்பமரம் நின்ற இடத்தில் நடத்தினோம். சனிக்கிழமை முழுவதும் தண்ணீருக்கும் அரிசிக்கும் அலைந்துவிட்டு, இரவு பதினோரு மணிக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிரசங்கத்திற்கு உட்கார்ந்தேன். மரத்தைப் பற்றிய வசனம் ஒன்று வேண்டும். அதுவும் நம்பிக்கை தரும் வசனமாக இருக்க வேண்டும். மனம் நேராக யோபு 14:7க்குப் போயிற்று. வெட்டப்பட்ட மரத்திற்கும் நம்பிக்கை உண்டு, அது மறுபடி தழைக்கும் என்று யோபு சொல்கிற இடம். ஏற்கெனவே சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்த வசனம். அரை மணி நேரத்தில் குறிப்பெழுதி முடித்தேன். கர்த்தரே இதை எடுத்துக் கொடுத்தார் என்று நன்றியும் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் உருக்கமாகப் பேசினேன். ‘உங்கள் தோப்புகள் மறுபடி துளிர்க்கும்’ என்றேன். ‘அல்லேலூயா’ என்று சொல்ல வேண்டிய இடங்களில் சபை சும்மா இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை, சபையில் நாங்கள் எல்லோரும் ‘அப்பத்தா’ என்று அழைக்கிற ஒரு தாயாரின் தோட்டத்திற்குப் போனேன். அப்போது அவர்களுக்கு எழுபத்தொரு வயது. கணவர் மரித்துப் பல ஆண்டுகள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தில் 64 தென்னைகள், வரப்போரம் சில பலாமரங்கள். இரண்டு மாதத்திற்கு ஒரு வெட்டு. அதில்தான் அவர்களுடைய ஜீவனம், மருந்துச் செலவு, பேத்தியின் படிப்பு எல்லாம். 64இல் 58 விழுந்திருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்த மரங்களுக்கு நடுவே, ஒரு மரத்தின் மீதே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில், இன்னொரு மரத்தின் மீது, மழையில் நனைந்த அவர்களுடைய வேதாகமம் விரித்து உலர வைக்கப்பட்டிருந்தது. பக்கங்கள் அப்பளம் போல் உப்பியிருந்தன.

ஜெபித்துவிட்டு எழப்போனேன். “ஐயா, கோவிச்சுக்கக் கூடாது” என்று தொடங்கினார்கள்.

“சொல்லுங்கள் அம்மா.”

“நேத்து நீங்க சொன்ன வசனம் பலாவுக்குச் சரி. தென்னைக்கு ஆகாதே.”

நான் விழித்தேன். அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். பலாவை வெட்டினால் அடிமரத்தில் துளிர் வரும். வேம்பு வரும், புளி வரும். தென்னைக்கு உயிர் உச்சியில் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்தக் குருத்து முறிந்தால் முடிந்தது. பக்கக் கிளை கிடையாது, அடியிலிருந்து முளைப்பதும் கிடையாது. நின்றுகொண்டிருக்கிற ஆறு மரங்களில்கூட இரண்டைச் சுட்டிக்காட்டி, “அதுகளுக்குத் தலை திருகிப் போச்சு. பச்சையா நிக்குதுன்னு பாக்காதீங்க” என்றார்கள். தென்னந்தோப்புகளின் நடுவே அத்தனை காலம் குடியிருந்த எனக்கு இது தெரியாது. என் சபையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ‘துளிர்க்கும்’ என்று நான் முழங்கியபோது அவர்கள் ஏன் மௌனமாக இருந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு வேளாண்மைப் பாடமாக முடிந்திருக்கும். அப்பத்தா விடவில்லை. “அப்புறம், யோபு அங்கன நிறுத்தலையே ஐயா? நீங்க நிறுத்திட்டீங்க” என்றார்கள். தம்முடையது நனைந்திருந்ததால் என் வேதாகமத்தைக் கேட்டு வாங்கினார்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை எழுத்தின் மேல் வைத்து, ஏழிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சொல்லாக. எட்டு. ஒன்பது. பத்தாம் வசனத்திற்கு வந்ததும் நிறுத்தி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிறு பென்சில் துண்டை எடுத்து, ஓரத்தில் அந்தக் கோட்டை இழுத்தார்கள். வாசித்த இடத்தில் அடையாளம் வைப்பது அவர்கள் வழக்கம். யாருடைய புத்தகம் என்பது அந்நேரம் நினைவில் இல்லை போலும்.

பிரியமானவர்களே, உங்கள் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். யோபு மரத்தைப் புகழ்வது ஆறுதலுக்காக அன்று. மரத்திற்காவது நம்பிக்கை உண்டு. மனுஷனோ மரித்தால் மரித்ததுதான், எங்கே அவன் என்று கேட்கிறார். ஏழாம் வசனம் ஒரு புலம்பலின் முதல் பாதி. மறு பாதியை அறுத்தெறிந்துவிட்டு, மிச்சத்தை நம்பிக்கையின் வசனமாகச் சட்டமிட்டு மாட்டியிருந்தேன். பிள்ளைகளையும் மந்தைகளையும் ஒரே நாளில் இழந்தவன் சாம்பலில் உட்கார்ந்து சொன்னதை, தோப்பை இழந்தவர்களிடம் தலைகீழாகச் சொல்லியிருந்தேன்.

“இதுதான் எனக்குப் பிடிச்ச வசனமா இருந்துச்சு நேத்து ராத்திரி. எனக்கும் அப்படித்தான இருக்கு, அவரும் அப்படித்தான சொல்றாரு” என்றார்கள் அப்பத்தா.

நான் கேட்டேன்: “இது நம்பிக்கையற்ற பேச்சு அல்லவா அம்மா?”

“அவரு யாருகிட்ட சொல்றாரு? ஆண்டவர்கிட்டதான?”

பதினான்காம் அதிகாரத்தைப் பிறகு எத்தனையோ முறை வாசித்துவிட்டேன். அப்பத்தா சொன்னது மெய். யோபு அங்கே தன் சிநேகிதரை விட்டுத் திரும்பி, தேவனையே முன்னிலையில் நிறுத்திப் பேசுகிறார். அந்தச் சிநேகிதர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களை நாம் வெகு எளிதாகப் பழிக்கிறோம். அவர்கள் வந்து, யோபின் துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் குற்றவாளிகளானார்கள். எங்கள் ஊரில் மரங்கள் விழுந்தது வெள்ளிக்கிழமை. நான் ஞாயிற்றுக்கிழமையே பேசிவிட்டேன்.

அப்பத்தா எழுதப் படிக்கக் கற்ற கதையைச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள் அவர்கள். புதுக்கோட்டையில் 1991ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் தொடங்கியதை மாவட்டத்தின் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அந்த இயக்கத்தோடு சேர்த்துவிட்டார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், கல்லுடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று எல்லோரும் சைக்கிளில் ஏறிய காலம் அது. நாற்பத்து நான்கு வயதில் அப்பத்தாவும் ஏறினார்கள். ‘எழுத்து வந்துச்சு, சைக்கிள் வரல’ என்பார்கள். முழங்கால் தழும்பை இன்றும் காட்டுவார்கள். பகலெல்லாம் கடலைக் காட்டில் வேலை, இரவில் அரிக்கேன் விளக்கின் கீழ் அரிச்சுவடி. சொல்லிக்கொடுத்தது பக்கத்துத் தெருவின் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளை. தொண்டர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது.

அதற்கு முன்பு அவர்களுடைய வேதம் காதால் கேட்ட வேதம். வீட்டில் ஒரு வேதாகமம் இருந்தது; மாமனார் காலத்துப் புத்தகம். அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவார்களே தவிரத் திறந்ததில்லை. சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715இல். பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு அவர் 1719இல் மரித்தார். மீதியை அவருக்குப் பின்வந்த பெஞ்சமின் சூல்ச் முடித்தார். இந்திய மொழிகளில் முதலாவதாக நம் மொழியில் புதிய ஏற்பாடு அச்சேறியது என்று மேடைகளில் பெருமையாகச் சொல்லுகிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் தரங்கம்பாடியில் அச்சான எழுத்து, அதிக தூரமில்லாத இந்தச் செம்மண் ஊரில் ஒரு கூலிக்காரப் பெண்ணின் கண்ணுக்குள் போய்ச் சேர ஏறக்குறைய இருநூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. அதையும் சபை செய்யவில்லை. ஓர் அரிக்கேன் விளக்கும் ஒரு பள்ளி மாணவியும் செய்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களிடம் ஒரு விசேஷம் உண்டு. அவர்களால் தாவ முடியாது. நாம் கண்ணை ஓட்டுகிறோம். பழகிய வசனத்தைக் கண்டதும் மனம் அங்கே குதித்து உட்கார்ந்துகொள்கிறது. முன்னும் பின்னும் உள்ளவை வெறும் பாதையாகிவிடுகின்றன. ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுக் கடக்கிறவருக்கு ஏழாம் வசனமும் பத்தாம் வசனமும் ஒரே அளவு உழைப்பு. அப்பத்தா ஆதியாகமத்தில் தொடங்கி, இடையில் எதையும் விடாமல், வம்ச அட்டவணைகளையும் உட்பட வாசித்து வந்தவர்கள். லேவியராகமத்தில் மட்டும் ஒன்றரை வருடம் இருந்தார்களாம்.

ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகள் எடுக்கிற வழக்கம் நம் சபைகளில் உண்டு. அதை நான் பழிக்கவில்லை. என் சபையிலும் இன்றுவரை வைத்திருக்கிறேன். அட்டையில் அச்சிடுகிறவர் யாரும் பத்தாம் வசனங்களை அச்சிடுவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். எரேமியா 29:11 எத்தனை வீடுகளின் சுவரில் தொங்குகிறது! நம்மைக் குறித்து தேவன் வைத்திருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று நாம் மகிழ்கிறோம். அதற்கு முந்தின பத்தாம் வசனம், அது நிறைவேற எழுபது வருஷம் ஆகும் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. அதை முதலில் வாசித்துக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர், தாங்கள் உயிரோடிருந்து அதைக் காணமாட்டோம் என்பதை அறிந்தே கேட்டிருப்பார்கள். அந்தக் காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியதையும் அதே கடிதம், ஐந்தாம் வசனத்தில், சொல்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள். பதினொன்றை மாத்திரம் எடுத்து மாட்டுகிறவன் தோட்டத்தையும் இழக்கிறான், எழுபது வருஷத்தையும் இழக்கிறான்.

மீண்டும் அந்தத் தோப்புக்கு வருகிறேன்.

அடுத்த வாரம் போனபோது அப்பத்தாவே ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்திருக்கிறார்கள். “ஐயா, ஒலிவமரம்னா எப்படி இருக்கும்?” என்றார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதன் காயைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்தான் அந்த நாட்டாருக்குச் சமையலுக்கும் விளக்குக்கும் மருந்துக்கும், மெதுவாக வளரும், தலைமுறை தலைமுறையாகக் காய்க்கும். “அப்ப நம்ம தென்னைதான்” என்று தீர்மானித்துவிட்டார்கள். தீர்க்கதரிசி அங்கே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறான்: அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுக்கிடை, மாட்டுத்தொழுவம். ஒவ்வொன்றும் இல்லாமற்போனாலும் என்று. அப்பத்தா அதைக் கேட்ட விதமே வேறு. “இது கணக்கெடுப்பு மாதிரி இருக்கு ஐயா. ஒண்ணும் விடாம எழுதிப்புட்டுத்தான் அப்புறமா ஆண்டவருக்குள்ள சந்தோஷம்னு சொல்றாரு.”

நான் வேதாகமக் கல்லூரியில் ஆபகூக்கைப் பரீட்சைக்குப் படித்தவன். கல்தேயர் படையெடுப்பு, எழுதப்பட்ட காலம், மூன்றாம் அதிகாரம் பாடலாகப் பாடப்பட்டது என்பதெல்லாம் எழுதி மதிப்பெண் வாங்கியவன். இழப்பை ஒன்றுவிடாமல் எண்ணி எழுதுவது அந்த ஜெபத்தின் முதல் பாதி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ‘எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்’ என்று பட்டியலைத் தாண்டிக் குதிக்கத்தான் எங்களுக்குப் பழக்கம்.

அந்நாட்களில் அரசின் கணக்கெடுப்பும் நடந்துகொண்டிருந்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக, மரத்திற்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டிருந்தது. நல்ல காய்ப்பில் இருக்கும் ஒரு மரம் வருடத்திற்கு எண்பது, நூறு காய் தரும்; அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். 1,100 என்பது அதன் விலையாகாது. ஆனாலும் அது வேண்டியிருந்தது. அப்பத்தா நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் மரம் மரமாக எழுதி வைத்திருந்தார்கள்: தெற்கு வரிசையில் இத்தனை, கிணற்றடியில் இத்தனை என்று. கூட்டினால் 58.

கணக்கெடுக்க வரும் நாளுக்கு முந்தின மாலை நான் அங்கே இருந்தேன். அக்கறையுள்ள ஒரு பக்கத்துத் தோட்டக்காரர் வந்து, நிற்கிற ஆறையும் சேர்த்து 64 என்று எழுதிவிடச் சொன்னார். எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள், யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள், அதிலும் இரண்டு எப்படியும் சாகப் போகிறவை. அவர் சொன்னது அநியாயமாகவும் படவில்லை. ஆறு மரத்திற்கு 6,600 ரூபாய். பேத்திக்குக் கல்லூரியில் கட்ட வேண்டிய தொகை ஏறக்குறைய அதுதான் என்பது எனக்குத் தெரியும். எழுதினால்தான் என்ன என்று நான் உள்ளுக்குள் நினைத்தேன். இதை அறிக்கையிடாமல் இருக்க முடியவில்லை. கர்த்தர் இப்படியும் கொடுக்கலாமே என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. போதகர்களுக்கு இப்படிப்பட்ட எண்ணங்கள் வசன வடிவிலேயே வரும்.

அப்பத்தா என்னைக் கேட்கவில்லை. “சாஞ்சது அம்பத்தெட்டு” என்றார்கள். “ஆறு நிக்குதுல்ல. நிக்கிறதை நானே சாச்சுப்புட முடியுமா?”

மறுநாள் படிவத்தில் விரல் ரேகை வைக்க மை நீட்டப்பட்டபோது, பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். அது மாத்திரம் அந்த வாரத்தில் அவர்களைச் சிரிக்க வைத்த ஒன்று.

நான் சாட்சிக் கூட்டங்களில் கேட்டுப் பழகிய கதையாக இருந்தால், இந்த இடத்தில் எங்கிருந்தோ 6,600 ரூபாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலை திருகிய அந்த இரண்டு மரங்களும் அடுத்த கோடையில், மட்டை மட்டையாகக் காய்ந்து, மொட்டைக் கம்பங்களாக நின்று செத்தன. அவற்றுக்கு நிவாரணமும் இல்லை. மூன்றாவது மரத்தைச் சிவப்புக் கூன்வண்டு தின்றது. கல்லூரிப் பணத்திற்காகக் கறவை மாடு விற்கப்பட்டது. ஆட்டுக்கிடை, மாட்டுத்தொழுவம் என்று ஆபகூக் சொன்ன வரிசையின் கடைசிச் சொல்லும் அவர்கள் வீட்டில் நிறைவேறிற்று. ஒருநாள் நான், “அன்றைக்கு அந்த இரண்டையாவது எழுதியிருக்கலாம் அம்மா, பாருங்கள் செத்துவிட்டன” என்றேன். அவர்கள் கொஞ்சம் வியப்போடு என்னைப் பார்த்து, “அன்னைக்கு நின்னுச்சுல்ல ஐயா” என்றார்கள்.

இந்தப் பதிலை வைத்து நான் பிரசங்கம் செய்ய முயன்றிருக்கிறேன். ஒருமுறையும் சரியாக வரவில்லை. நேர்மைக்குக் கிடைத்த பலன் என்று முடிக்க அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மை பேசியதால் அவர்களுக்கு நஷ்டம்தான். நம்பிக்கை என்று நான் போதித்து வந்தது, கர்த்தர் எப்படியும் ஈடு செய்வார் என்கிற கணக்கு. அப்பத்தாவிடம் இருந்தது வேறு ஏதோ. 58 என்று எழுதுகிறபோதே அவர்கள் கர்த்தரோடு கணக்குத் தீர்ந்தவர்களாக இருந்தார்கள், எதிர்பார்த்து எழுதவில்லை. யோபு தன் பத்தாம் வசனத்தைச் சொல்லிவிட்டு தேவனை விட்டுப் போய்விடவில்லை. அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் தாண்டி, என்னை நினைக்க ஒரு காலத்தைக் குறியும் என்று அவரிடமே கேட்கிறார். அந்த மாதிரி ஒன்று.

பலாமரங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். யோபுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வரப்போரம் முறிந்து கிடந்த பலாக்களில் இரண்டின் அடிமரம் தை மாதத்திற்குள் துளிர்விட்டது. அப்பத்தா எனக்குச் சொல்லியனுப்பி, அழைத்துப்போய்க் காட்டினார்கள். “உங்க வசனம்” என்றார்கள். கேலியா, ஆறுதலா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

2019இல் மகன் திருப்பூரிலிருந்து வந்து குழி வெட்டினார். மூன்றடிக்கு மூன்றடி குழி, இருபத்தைந்தடி இடைவெளி. நாற்பது கன்றுகளுக்குத்தான் வசதி இருந்தது; மற்ற இடத்தில் கடலையும் செண்டிப்பூவும் போட்டார்கள். நெட்டை ரகம். காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும் என்று தெரிந்தே எழுபத்திரண்டு வயதில் நட்டார்கள். சீக்கிரம் காய்க்கும் குட்டை ரகம் வைக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, நெட்டைதான் பேத்தி காலம் வரைக்கும் நிற்கும் என்று பதில் சொன்னார்களாம். எரேமியாவின் ஐந்தாம் வசனத்தை நான் அப்போது அவர்களுக்கு நினைவூட்டவில்லை. பத்தாம் வசனத்தை அவர்கள் எனக்கு நினைவூட்டியதே போதும் என்றிருந்தது.

எனக்கு அங்கிருந்து மாற்றலாகிவிட்டது. ஆனாலும் ஆலங்குடிப் பக்கம் போகிறபோதெல்லாம் அந்தத் தோட்டத்திற்குப் போகாமல் வருவதில்லை. கடைசியாகப் போன மாதம் போயிருந்தேன். கிணற்றடியில் ஒரு மரம் முதல் பாளை விட்டிருந்தது. அப்பத்தாவுக்கு இப்போது அதை அண்ணாந்து பார்க்க முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை, ஒன்றில்தான் அறுவை செய்திருக்கிறார்கள். பாளையின் நிறம் என்ன, எத்தனை பிஞ்சு நிற்கிறது என்று பேத்தியிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பெண் படிப்பை முடித்து, அறந்தாங்கியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். மாலையில் வந்து பாட்டிக்கு வேதம் வாசிக்கிறாள்.

அன்றும் வாசித்தாள். நானும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். படித்த பிள்ளை அல்லவா, சரளமாக, ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு போனாள். நான் கேட்டவரை பிழையொன்றும் இல்லை. அப்பத்தா கையை நீட்டிப் பக்கத்தின் மேல் வைத்து மறைத்தார்கள்.

“ஒரு வரியைத் தாண்டிட்ட. திரும்ப வாசி. மெதுவா.”

அவள் பார்த்தாள். தாண்டித்தான் இருந்தாள்.